மடித்த தாளில் ஒரு பிள்ளையார் சுழி

1

நான் ரங்கூனுக்கு வந்து போன வாரத்தோடு பதினைந்து வருஷம் முடிந்தது. கேக்கு வெட்டவில்லை, பாயசம் வைக்கவில்லை. வெளிநாட்டவர் பதிவு ஆபீசில் வரிசையில் நின்றேன், அதுதான் கொண்டாட்டம். அதே மரப்பெஞ்சு, அதே மூன்று போட்டோ, அதே "நாளைக்கு வாருங்கள்". கடைசியில் பர்மிட்டில் ஸ்டாம்ப் விழுந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே வரப்போவதைப் படித்துவிட்டுத் திருச்சியிலிருந்து என் அண்ணன் பதறிப்போய்ப் போன் போடுவான்.

எங்கள் குடும்பக் கதை, பர்மாவிலிருந்து வந்த உங்களில் பாதிப் பேருக்கு உங்கள் குடும்பக் கதை மாதிரியே இருக்கும். தாத்தா ரங்கூன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அறுபதுகளில் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அத்தை மட்டும் இங்கேயே தங்கிவிட்டாள். நான் திருச்சி பர்மா காலனியில் பிறந்தேன், பி.ஏ. இங்கிலீஷ் படித்தேன். 1991-ல் அத்தை மகன் முருகேசனுக்குக் கழுத்தை நீட்டி, அப்பா விட்டுவிட்டு வந்த ஊருக்கே வாழ வந்துவிட்டேன். அத்தான் ஒரு அச்சகத்தில் மிஷின் பார்க்கிறார். வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் போனால் அலமாரியில் டம்ளர் ஆடும்.

வந்த புதிதில் பர்மியப் பாஷையை அத்தானிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் மரியாதைக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் "கம்யா" என்பார், நானும் "கம்யா" என்றேன். காய்கறிக்காரியிடம் கம்யா, டாக்டரிடம் கம்யா. ஆம்பிளைகள்தான் அப்படிச் சொல்வார்கள், பொம்பிளைகள் "ஷின்" என்று முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று! அதுவரை அந்தத் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறது. அத்தானிடம் சண்டை போட்டேன். "நல்லா இருந்துச்சு ராஜி, அதான் சொல்லல" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது?

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதையெல்லாம் இல்லை. சர்ரியலிசத்தைப் பற்றி! சிரிக்காதீர்கள். இந்த ரயில் சத்தத்தில் சோறு வடிக்கிற ஒருத்திக்கும் பாரிஸ் ஓவியர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தானும் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சம்பந்தம் இருக்கிறது. என் வீட்டிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

2

நான் வீட்டில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். இந்த வருஷம் ஆரம்பத்தில் மா நீலார் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயசிருக்கும், கன்னத்தில் மரப்பட்டை அரைத்த தனகா பூச்சு, விரல் நகமெல்லாம் பெயிண்ட். தாமுவேயில் அம்மாவோடு இருக்கிறாள். சுற்றுலாக்காரர்களுக்காகச் சந்தையில் விற்கிற படங்கள் தெரியுமா, பகோடாவுக்குப் பின்னால் அஸ்தமனம், சிவப்புக் குடை பிடித்த பிக்குகள்? அதை வரைகிறவள். "கண்ணை மூடிக்கொண்டே அந்தச் சூரியனைப் போட்டுவிடுவேன் சயாமா" என்றாள். சயாமா என்றால் டீச்சரம்மா.

அவள் கையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். பான்சோடான் தெருவின் நடைபாதைக் கடையில் எடுத்ததாம். யார் எழுதியது என்று சொல்ல முதல் பக்கமும் இல்லை. உள்ளே கறுப்பு வெள்ளையில் படங்கள், பக்கம் பக்கமாக இங்கிலீஷ்.

"எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க வேண்டாம். இதை மட்டும் படித்துச் சொல்லுங்கள் போதும்" என்றாள்.

செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் படிப்போம். நான் இங்கிலீஷில் வாசிப்பேன், பர்மியப் பாஷையில் சொல்வேன், வார்த்தை கிடைக்காவிட்டால் தமிழில் திட்டுவேன். கடமைக்குத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். அடேயப்பா, என்ன கதை அது!

முதல் உலகப் போர் சமயம். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பையன், கவிதைப் பைத்தியம். போர்முனையில் புத்தி கலங்கி வந்த சிப்பாய்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் அவனைப் போடுகிறார்கள். அங்கே ஒரு சிப்பாய், போரே பொய் என்கிறான். குண்டெல்லாம் வேஷம், காயமெல்லாம் மேக்கப், செத்தவர்களெல்லாம் நடிக்கிறார்கள் என்று சாதிக்கிறான். மற்ற டாக்டர்கள் "பாவம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இந்தப் பையன் மட்டும் வாயைப் பிளந்து கேட்கிறான். எந்தக் கவிஞனுக்கும் வராத பேச்சு இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது? வியன்னாவில் ஒரு டாக்டர், கனவைப் பிரித்துப் பார்த்தால் மனசின் அடித்தட்டு தெரியும் என்று எழுதியிருக்கிறாரே, அந்தத் தட்டிலிருந்தா?

இன்னொரு பக்கம் சூரிச் நகரத்தில் ஒரு சாராயக் கடையில் வேறொரு கூட்டம். அறிவு, ஒழுங்கு, நாகரிகம் என்று மேடையேறிப் பேசிய பெரிய மனிதர்கள்தானே இத்தனை பிள்ளைகளைப் பதுங்குகுழியில் தள்ளிச் சாகடித்தார்கள்? அப்படியானால் அந்த அறிவே எங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தமே இல்லாத பாட்டைப் பாடி, அட்டை வேஷம் கட்டிக் கத்தியிருக்கிறார்கள். போர் முடிந்து எல்லோரும் பாரிஸில் வந்து சேர்ந்தார்கள். முதலில் நம் பையனும் அந்தக் கத்தலில் சேர்ந்துகொண்டான். ஆனால் உடைத்தால் மட்டும் போதுமா, உடைத்த பிறகு எதைக் கட்டுவது என்று அவனுக்கு அரிப்பு. 1924-ல் ஓர் அறிக்கை போட்டான். தலைக்குள் நிற்கிற காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு, வருவதை வருகிறபடி எழுது, வரை. கனவும் நிஜமும் தனித்தனி இல்லை, இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய நிஜம் இருக்கிறது, அதுதான் சர்ரியலிசம் என்றான். அந்தச் சொல்லைக்கூடப் போரில் தலையில் அடிபட்ட ஒரு கவிஞர்தான் முன்னாடியே உண்டாக்கி வைத்திருந்தாராம்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. மனசை அவிழ்த்து விடுங்கள் என்று ஊருக்குச் சொன்ன அதே ஆள், தன் கூட்டத்தில் சொன்னபடி கேட்காதவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிவைத்தானாம், ஹெட்மாஸ்டர் மாதிரி. ஆம்பிளைகள் எங்கே போனாலும் இப்படித்தான் என்றேன். மா நீலார் தேநீரைச் சிந்திவிட்டுச் சிரித்தாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "சயாமா, நான் இத்தனை வருஷமாக மற்றவர்கள் கண்ணுக்குப் பிடித்ததைத்தான் வரைந்திருக்கிறேன். என் கைக்கு என்ன பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை."

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். சூரியனும் பிக்குவும் இல்லாத படங்களாக வரைந்து, சொந்தமாக ஒரு கண்காட்சி.

3

அறிக்கையில் சொன்ன பயிற்சியை நாங்களும் செய்து பார்த்தோம். தாளை எடு. எதையும் யோசிக்காதே. கை போகிற வேகத்தில் எழுதிக்கொண்டே போ, நிறுத்தாதே, திருத்தாதே. "ஆரம்பி" என்றாள் மா நீலார். நான் பேனாவை வைத்தேன்.

தாளின் தலையில், நட்ட நடுவில், ஒரு பிள்ளையார் சுழி!

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "இது கணக்கில்லை. இது சும்மா பழக்கம்" என்று அடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இது என்ன என்று கேட்டாள். எதை எழுதினாலும் முதலில் இதைப் போடுவோம், தடங்கல் வராமல் இருக்க, யானைமுகச் சாமிக்கு என்றேன். "மஹா பெய்ன்னேவா?" என்றாள். ஆமாம், நம் பிள்ளையாருக்கு இங்கே அதுதான் பெயர். பர்மியர்களும் கும்பிடுகிறார்கள்.

"நீங்கள் யோசித்தா போட்டீர்கள்?"

"இல்லை."

"உங்களுக்கு முந்தி உங்கள் கை போட்டது. புத்தகம் கேட்பது அதைத்தானே?"

அடிக்கப் போன பேனாவைக் கீழே வைத்தேன். பலசரக்குச் சீட்டு, டியூஷன் நோட்டு, பர்மிட் மனுவின் நகல், எல்லாவற்றிலும் வாழ்நாள் பூராவும் போட்டிருக்கிறேன், ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

இந்தச் சுழியை வைத்து வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகள், தேன்மொழி. பதின்மூன்று வயசு. வீட்டில் தேன்மொழி, பள்ளிக்கூடத்தில் சூ சூ. இங்கே நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் வைப்பது வழக்கம், தப்பில்லை. ஆனால் என் வீட்டில் தேன்மொழி தேய்ந்துகொண்டே வந்து சூ சூ மட்டும் மிஞ்சினாள். நான் தமிழில் கேட்டால் பர்மியப் பாஷையில் பதில் வரும். எல்லாம் புரியும், ஆனால் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழாது. கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி. புட்டு வைத்தால் மீன் குழம்பு ஊற்றிய மோகிங்கா வேண்டும்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் புது நோட்டுகளில் முதல் பக்கத்தில் நான்தான் சுழி போட்டுக் கொடுப்பேன். பிறகு அவளே போடப் பழகினாள். இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பத்து நோட்டிலும் போட்டு அடுக்கி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால், அத்தனையிலும் வெள்ளை மை பூசியிருக்கிறது. கேட்டேன். பர்மியப் பாஷையில்தான் பதில்: "எல்லோரும் இது என்ன என்று கேட்கிறார்கள். என்னால் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. இனிமேல் என் நோட்டைத் தொடாதே."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அன்றைக்குக் கோபம் வரவில்லை. சமையலறையில் போய் நின்று அழுதேன். இங்கே பிறந்தவள், இங்கேயே வாழப்போகிறவள், இந்த ஊர்ப் பிள்ளையாக இருப்பது நல்லதுதான் என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் என்னிடமிருந்து ஒன்றே ஒன்றாவது அவளிடம் தங்காதா? அதற்கப்புறம் மூன்று மாதமாக என் மனசில் ஓடிய கேள்வி இது ஒன்றுதான்.

4

புத்தகத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. பாரிஸ்காரர்கள் கூடி உட்கார்ந்து ஆடியது. ஒரு தாளை மூன்றாக மடிக்க வேண்டும். முதல் ஆள் தலையை வரைந்து, கழுத்துக் கோடுகளின் நுனி மட்டும் தெரிகிற மாதிரி மடித்து அடுத்த ஆளிடம் தர வேண்டும். அவர் மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே உடம்பை வரைய வேண்டும். மூன்றாவது ஆள் கால். பிரித்தால் யாருமே நினைக்காத ஒரு ஜந்து நிற்கும். முதலில் வார்த்தைகளை வைத்துத்தான் ஆடினார்களாம், அப்புறம் படத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மா நீலார் ஒரு பெரிய தாளைக் கொண்டு வந்திருந்தாள், எங்கள் வீட்டுக் கதவில் பாதி அகலம். தலை அவள், கால் நான். நடுவுக்கு ஆள் இல்லை. அத்தான் "எனக்கு வேலை இருக்கு" என்று பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். மா நீலார் உள்ளே எட்டிப் பார்த்து, "சூ சூ, உடம்பு ஒன்று வேண்டும், வருகிறாயா?" என்று கூப்பிட்டாள்.

நான் கூப்பிட்டிருந்தால் தலைவலி வந்திருக்கும். அவளுக்காக வந்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, நீலப் பென்சிலால் என்னவோ செய்தாள். எட்டிப் பார்த்தால் முதுகைக் காட்டினாள். முடித்து மடித்து என்னிடம் தள்ளினாள். எனக்கு வரையவே வராது. கீழே இருந்த இரண்டு கோட்டை இழுத்து இரண்டு காலாக்கி, ஒரு காலுக்கு இந்த ஊர் வெல்வெட் செருப்பு, இன்னொரு காலுக்கு நம் ஊர் ரப்பர் செருப்பு போட்டேன்.

பிரித்தோம். ஐயோ, அந்தச் சிரிப்பு! தலை ஒரு சேவல், ஆனால் கொண்டைக்குப் பதில் மடக்குக் குடை. உடம்பு ஒரு பள்ளிக்கூடப் பை, பையில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு மீன் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறது. கீழே என் ஜோடி தப்பிய செருப்புகள். தேன்மொழி தரையில் உருண்டு சிரித்தாள். அவளும் நானும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது! அத்தான்கூடப் பேப்பரை இறக்கிவிட்டு, "இது யாரு, உங்க அண்ணனா?" என்றார்.

மா நீலார் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சயாமா, கண்காட்சியில் நடுச்சுவர் இதற்குத்தான்" என்றாள்.

5

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே ஒரு படத்தைச் சுவரில் மாட்டிப் பத்துப் பேருக்குக் காட்ட வேண்டும் என்றால் அனுமதி வேண்டும். திறப்புக்கு முதல்நாள் தணிக்கை அதிகாரிகள் மூன்று பேர் வந்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பார்கள். ஆகாது என்றால் பின்பக்கம் முத்திரை விழும், படம் சுவரிலிருந்து இறங்கும். அவர்களுக்கு மனசே வராவிட்டால் கண்காட்சியே இல்லை. இதற்கு ஒரு மனு உண்டு. படத்தின் பெயர், ஓவியரின் பெயர், அப்பா பெயர், அடையாள அட்டை நம்பர். கடைசியில் ஒரு கட்டம்: படத்தின் பொருள்.

பொருள்! பொருளே வேண்டாம் என்று ஒரு கூட்டம் பாரிஸில் எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டிருக்கிறது. நாங்கள் பதினைந்து படத்துக்குப் பொருள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மா நீலார் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் புடவையை இழுத்துச் செருகினேன். மனு எழுதுவதில் எனக்குப் பதினைந்து வருஷ அனுபவம், சும்மா சொல்லக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிற அலமாரிக்கு, "உழைத்த பின் ஓய்வின் அருமை". மழையில் தானே நடந்து போகிற லோன்ஜிக்கு, "பாரம்பரிய உடையின் பெருமை". தொலைபேசிக்குள் முளைத்த நெல்லுக்கு, "விவசாயமும் விஞ்ஞானமும்". எழுத எழுத எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பதினைந்து வரியும் படங்களை விடப் பெரிய சர்ரியலிசம்!

மடித்த தாள் படத்துக்கு, "ஒற்றுமை" என்று போட்டோம். ஓவியர் பெயர் என்ற இடத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. மா நீலார் தன் பெயரை எழுதினாள். மூன்று பேர் என்று எழுதினால் அதில் ஒருத்தி வெளிநாட்டுக்காரி, இன்னொருத்தி பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்கு வேறு மனு, வேறு வரிசை.

அத்தான் அச்சகத்துக்காரர், இந்த அனுமதி விவகாரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. பார்வையிட வருகிற அன்றைக்கு நான் கிளம்பியபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீ எதுக்கு ராஜி அங்க? அடுத்த மாசம் உன் பர்மிட் எக்ஸ்டென்ஷன். பேரைக் கீரைக் குறிச்சுக்கிட்டாங்கன்னா?"

"பொருள் எழுதினவ நான். அவ ஒத்தையா நின்னு என்ன சொல்லுவா?"

"சரி, போ. ஆனா வாயத் திறக்காத."

"திறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனேன்.

6

கண்காட்சி அறைக்கு அந்த மூன்று பேரும் வந்தார்கள். ஒருவர் வயசானவர், தைப்பூன் என்கிற பர்மிய மேல்சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. ஒருவர் நோட்டில் எழுதுகிறவர். இன்னொருவர் எதுவுமே பேசாதவர், அவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். மா நீலார் லோன்ஜி மடிப்பை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பாவம், ஆறு மாத உழைப்பு. அஸ்தமனச் சூரியன் விற்று வந்ததையெல்லாம் இந்த அறையின் வாடகைக்குக் கொட்டியிருந்தாள்.

பெரியவர் ஒவ்வொரு படத்தின் பொருளையும் சத்தமாக வாசித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி பொருளைப் பார்த்தார். "விவசாயமும் விஞ்ஞானமும்" என்ற இடத்தில் அவர் மீசை ஒரு தடவை துடித்தது. ஆனால் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பதினான்கு படம் அப்படியே போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

நடுச்சுவருக்கு வந்தார். "ஒற்றுமை" என்று வாசித்தார். சேவலைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைத் தூக்கி ஓரங்களைத் தேட ஆரம்பித்தார். மறைத்து எழுதின எழுத்து எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நடு மடிப்பின் மேல் ஓரத்தில், இடது மூலையில், கண்ணாடி நின்றது.

"இது என்ன குறி?"

மா நீலாருக்கு ஒன்றும் தெரியவில்லை. "எது?" என்றாள்.

"நீலப் பென்சிலில் இருக்கிறதே. பர்மிய எழுத்து இல்லை, இங்கிலீஷும் இல்லை. இது என்ன ரகசியம்?"

நோட்டுக்காரர் எழுதுவதை நிறுத்தினார். பேசாதவர் கிட்டே வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

எறும்பளவு இருந்தது கண்ணாடிக்குக் கீழே பெரிசாகி, கொஞ்சம் கோணலாக, ஒரு பிள்ளையார் சுழி.

நான் போட்டதில்லை. நான் கால் வரைந்தவள், என் மடிப்பு கீழே. மா நீலாருக்கு அதைப் போடத் தெரியாது. நீலப் பென்சில் வைத்திருந்தது ஒரே ஒருத்தி. பத்து நோட்டில் வெள்ளை மை பூசினவள்!

அத்தானுக்குச் செய்த சத்தியம், பர்மிட், மா நீலாரின் ஆறு மாதம், எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்துபோயிற்று. பாவி நான், அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழில் கத்திவிட்டேன்:

"எம் பொண்ணு போட்டிருக்கா! எம் பொண்ணு போட்டிருக்கா!"

மூன்று அதிகாரிகளும் என்னைப் பார்த்தார்கள். மா நீலார் கண்ணை மூடிக்கொண்டாள். பேசாதவர் முதல் தடவையாகப் பேசினார்: "இந்த அம்மா யார்?"

அப்புறம் என்ன, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. பதறினதில் பதினைந்து வருஷத்துப் பழைய "கம்யா" வேறு வாயில் வந்து விழுந்தது. தலை யார், உடம்பு யார், கால் யார் என்று சொன்னேன். இது மஹா பெய்ன்னேவுக்குப் போடுகிற குறி, எழுத ஆரம்பிக்கும் முன்னால் போடுவது, வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். நோட்டுக்காரர் என் பெயரையும் பதிவு நம்பரையும் எழுதிக்கொண்டார்.

பெரியவர் கண்ணாடியை இறக்கினார். "மஹா பெய்ன்னே" என்று மெதுவாகச் சொல்லி, யாருக்கும் தெரியாத மாதிரி சட்டைப் பொத்தானுக்கு நேரே இரண்டு விரலை ஒரு தடவை சேர்த்துக் கும்பிட்டார். நான் பார்த்துவிட்டேன். பிறகு ஆபீசர் குரலில் சொன்னார்: "ஓவியர் என்று ஒருவர் பெயர்தான் மனுவில் இருக்கிறது. வெளிநாட்டவரும் குழந்தையும் வரைந்ததற்கு இங்கே இடமில்லை. இது இறங்க வேண்டும். மற்ற பதினான்கும் இருக்கலாம்."

பின்பக்கம் முத்திரை விழுந்தது. அவர்கள் போனதும் நான் மா நீலாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உன் நடுச்சுவரை நானே கெடுத்துவிட்டேனே" என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். படம் இறங்கின காலி ஆணியைப் பார்த்தாள். பிறகு, "நடுவில் ஆணி அப்படியே இருக்கட்டும். என்ன பொருள் என்று கேட்டால் உங்களிடம் அனுப்புகிறேன்" என்றாள்.

கேட்டவர்கள் நிறையப் பேர். மூன்று நாள் கண்காட்சியில் அந்த ஆணிக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்றது என்று அவள் இன்னமும் என்னைக் கேலி செய்கிறாள்.

7

படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அத்தான் என் முகத்தைப் பார்த்ததுமே "வாயத் திறந்துட்டியா?" என்றார். "திறந்துட்டேன் அத்தான்" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன திட்டினார் என்று எனக்குக் காதில் விழவில்லை.

தேன்மொழி பள்ளிக்கூட யூனிபார்ம்கூட மாற்றாமல் உட்கார்ந்து அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் தாளைத் தரையில் விரித்தேன். அந்த மூலையில் விரலை வைத்தேன்.

குனிந்து பார்த்தாள். முகம் சிவந்தது. பர்மியப் பாஷையில் படபடவென்று வெடித்தாள். "நீதானே போட்டாய்? என் படத்தில் ஏன் கை வைத்தாய்? நான்தான் போடாதே என்று சொன்னேனே!"

"நான் எப்படிடீ போடுவேன்? மடிச்சுத்தானே குடுத்த? எனக்குக் கீழ ரெண்டு கோடுதானே தெரிஞ்சுது?"

யோசித்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பென்சில் பெட்டியைத் திறந்து, நீலப் பென்சிலை எடுத்து வந்தாள். தாளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, பென்சில் முனையைச் சுழிக்கு அருகில் வைத்து, நிறத்தைப் பார்த்தாள். அதே நீலம்தான்.

 ஏதாவது கேட்டால் எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். ரயில் ஒன்று போயிற்று, அலமாரியில் டம்ளர்கள் ஆடி அடங்கின. அவள் வலது கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்த மாதிரி.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, என் மகள் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"நான் போடலம்மா" என்றாள். "கை போட்டிருக்கு."